மதுரையா, சிதம்பரமா? தமிழ்த் திரையின் தொடக்கக்கால நகைச்சுவை இணைகள்

புதிதாக மணமானவனைக் கேலி செய்ய நினைக்கும் நண்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?" மதுரை என்றால் மீனாட்சி ஆட்சி. சிதம்பரம் என்றால் நடராசர் ஆட்சி. எந்தப் பதிலைச் சொன்னாலும் சிரிப்பார்கள். தமிழ்ப் பேசும்படத்தின் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் உருவான நகைச்சுவையில் பெரும்பகுதி இந்தக் கேள்வியை வைத்தே ஓடியது.

அக்காலத்தில் புகழ்பெற்ற நகைச்சுவை இணைகளில் பெரும்பாலானவை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்தவை. என்.எஸ். கிருஷ்ணன் – டி.ஏ. மதுரம், காளி என். ரத்னம் – சி.டி. ராஜகாந்தம், அவர்களுக்குப் பின் கே.ஏ. தங்கவேலு – எம். சரோஜா ஆகியோர் அவ்வகையில் முதன்மையானவர்கள். அதே ஆண்டுகளில் உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்த ஹாலிவுட் நகைச்சுவைப் படங்களில் லாரலும் ஹார்டியும், பின்னர் அபட்டும் காஸ்டெல்லோவும் இரட்டை ஆண்களாகவே வந்தனர். தமிழில் அப்படி இருக்கவில்லை என்பது தற்செயலா, அதற்கு ஒரு மேடைப் பின்னணி இருந்ததா என்ற கேள்வி அதிகம் பேசப்பட்டதில்லை. பழைய படங்களைப் பற்றிய பாசமான நினைவுகூரல்களிலும் 'என்.எஸ்.கே. காமெடி', 'காளி ரத்னம் காமெடி' என்றே பெயர் நிற்கிறது. இணையில் பாதி உதிர்ந்துவிட்டது. அந்தப் பாதியை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த நகைச்சுவை எப்படி இயங்கியது என்பதே புரியாது.

பபூனும் டான்ஸும்

மதுரையும் அதைச் சுற்றிய ஊர்களும் இசை நாடகத்தின் தலைமையிடம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது மதுரையில்தான். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அதில் நடித்தனர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பி.யு. சின்னப்பாவும் எம்.ஜி. ராமச்சந்திரனும் பயின்றனர். பாய்ஸ் கம்பெனிகளுக்கு இணையாக இன்னொரு வகை நாடகமும் இங்கே வளர்ந்தது. அது ஸ்பெஷல் நாடகம். ஒரு குழுவாக இல்லாமல், நடிகர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, ஓர் இரவுக்கு மட்டும் அழைத்து நடத்துவது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. மேடையேறும் நேரத்தில்தான் சந்தித்துக்கொள்வதும் உண்டு. பங்குனி, சித்திரை, வைகாசியில் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சிவகங்கைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இந்த நாடகங்கள் விடிய விடிய நடந்தன, இப்போதும் நடக்கின்றன.

ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளியும் முருகனும் வருவதற்கு முன்னால் பபூன் வருவார். தனியாக நின்று ஊரைப் பற்றியும் தன்னைப் பற்றியும் பேசிப் பாடிச் சிரிக்கவைப்பார். பிறகு 'டான்ஸ்' என்றே பெயர் பெற்ற பெண் கலைஞர் ஆடிக்கொண்டு நுழைவார். இருவரும் வழியில் இடித்துக்கொள்வார்கள். யார் இடித்தது என்று வழக்கு தொடங்கும். பிறகு பாட்டுப் போட்டி, ஆட்டப் போட்டி. சண்டை முற்றிக் காதலில் போய் முடியும். கதைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் இந்தப் பகுதிக்காகவே முன்வரிசையில் துண்டு போட்டு இடம்பிடித்தவர்கள் உண்டு.

1990-களில் மதுரையில் தங்கி இந்த நாடகங்களை ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சீசர், 2005-இல் வெளியான தம் நூலில் இந்த இணையாட்டத்தை விரிவாக எழுதியிருக்கிறார். பொதுவெளியில் அந்நிய ஆணோடு ஒரு பெண் பேசுவதே தவறு என்று எண்ணும் ஊரில், அந்தத் தவறையே மேடையில் செய்துகாட்டுவதுதான் இக்காட்சியின் ஆபத்தும் கவர்ச்சியும். அந்த ஆபத்தின் விலையை ஆண் அல்ல, டான்ஸ் ஆடும் பெண்தான் கொடுக்கிறார். மேடையில் கைதட்டு வாங்கிய பெண்ணுக்கு மறுநாள் காலையில் பேருந்தில் கிடைக்கும் பார்வை வேறு.

இதிலிருந்து நேரே சினிமா இணை பிறந்தது என்று வம்சாவளி எழுதுவதற்கில்லை. என்.எஸ். கிருஷ்ணன் ஸ்பெஷல் நாடக மேடையிலிருந்து வந்தவர் அல்லர். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்து, வில்லுப்பாட்டில் தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்களின் பால சண்முகானந்த சபாவில் வளர்ந்தவர். அது பையன்கள் கம்பெனி. அங்கே பெண் வேடத்தையும் பையன்களே போட்டார்கள். அதாவது கிருஷ்ணனின் பயிற்சிக் களத்தில் பதிலுக்குப் பதில் பேசும் பெண் ஒருத்திகூட இல்லை. கேமராவோ முகத்துக்கு மிக அருகில் வரும் கருவி. பையன் கட்டிய சேலை அதன்முன் செல்லுபடியாகாது. சினிமாவுக்கு நிஜப் பெண்கள் தேவைப்பட்டனர். ஸ்பெஷல் மேடை ரசிகனுக்கு ஏற்கெனவே பழக்கமான 'ஒருத்தன், ஒருத்தி, ஒரு வாய்ச்சண்டை' என்ற அமைப்பு திரையில் உடனே பிடித்துப்போனது இதனால்தான். பார்வையாளன் புதிதாக எதையும் கற்கவேண்டியிருக்கவில்லை.

நாடகத்தின் மையப் பகுதியும் ஒருவகையில் இதுவே என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் மக்கள் கண்விழித்துக் காத்திருப்பது நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்துக்காக. தினைப்புனத்தில் நிற்கும் குறப்பெண் முனிவரை மடக்கிவிடும்போது எழும் ஆரவாரம், முருகன் மயில்மேல் தோன்றும்போது எழுவதில்லை.

கிருஷ்ணனும் மதுரமும்

டி.ஏ. மதுரம் திருச்சியைச் சேர்ந்தவர். 1935-இல் வெளியான 'ரத்னாவளி'யில் திரைக்கு வந்தார். கிருஷ்ணனின் முதல் படங்கள் 'மேனகா' (1935), 'சதி லீலாவதி' (1936). இருவரும் சந்தித்தது 'வசந்தசேனா' (1936) படப்பிடிப்புக்காகப் புனேவுக்குச் சென்றபோது. அங்கேயே மணமும் செய்துகொண்டனர். அடுத்த இருபது ஆண்டுகள் அம்பிகாபதி (1937), ஆர்யமாலா (1941), கண்ணகி (1942), சிவகவி (1943), மங்கம்மா சபதம் (1943), ஹரிதாஸ் (1944) என்று இந்த இணை இல்லாத பெரிய படங்களை எண்ணுவது எளிது.

இவர்களுடைய வேலை முறை வேறானது. கதாநாயகன் கதை ஒருபுறம் ஓட, தங்கள் நகைச்சுவைப் பகுதியைத் தாங்களே தனியாக அமைத்துக்கொண்டார்கள். புராணப் படமாக இருக்கும். நாயகன் விருத்தம் பாடிக் கண்ணீர் வடிப்பான். அடுத்த காட்சியில் சமகாலத் தமிழ்நாட்டின் ஒரு வீட்டுத் திண்ணை வந்து உட்கார்ந்துகொள்ளும். மூலக்கதையோடு ஒட்டவில்லை என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. குறை உண்மைதான். ஸ்பெஷல் நாடகத்தின் பபூன் பகுதியும் இப்படியே ஒட்டாமல் நின்றது. ஒட்டாமல் நிற்பதால் கிடைக்கும் சுதந்திரத்தில்தான் தீண்டாமை, கள், மூடநம்பிக்கை, வரதட்சணை எல்லாம் சிரிப்போடு பேசப்பட்டன.

கிருஷ்ணனின் பாத்திரத்துக்கு ஒரு நிலையான குணம் உண்டு. அவர் விஷயம் தெரிந்தவர். உலகம் எப்படி மாறவேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர். இந்தக் குணம் மட்டும் தனியாகத் திரையில் நின்றிருந்தால் பத்து நிமிடத்தில் சலித்திருக்கும். எதிரில் மதுரம் நிற்கிறார். இடுப்பில் கைவைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து, முழுதாக நம்பாமல் கேட்கிறார். ஒவ்வொரு கருத்தும் அவருடைய சந்தேகத்தைத் தாண்டித்தான் பார்வையாளரிடம் வந்து சேரவேண்டும். சில சமயம் தாண்ட முடியாமல் விழும். அப்போது கிருஷ்ணன் கண்ணைச் சிமிட்டி வழிக்கு வருவார். உபதேசத்தை உரையாடலாக்கியது மதுரத்தின் எதிர்ப்பேச்சு. அவர் சொல்லும் 'ம்' என்பதன் ஏற்ற இறக்கத்துக்கே தனிச் சிரிப்பு கிடைத்தது.

அமெரிக்காவில் இதற்கு நெருக்கமான உதாரணம் லாரல் – ஹார்டி அல்ல. ஜார்ஜ் பர்ன்ஸ் – கிரேசி ஆலன் தம்பதி. மேடையில் தொடங்கியபோது வேடிக்கையான வரிகளை எல்லாம் பர்ன்ஸ் தமக்கே வைத்துக்கொண்டார். கிரேசி கேட்ட சாதாரணக் கேள்விகளுக்கே மக்கள் சிரித்ததைப் பார்த்ததும், வேடிக்கையை அவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுத் தாம் கேள்வி கேட்பவரானார். கிருஷ்ணன் – மதுரம் இணையில் இப்படி முழு இடமாற்றம் நடக்கவில்லை. ஆனால் காட்சிக்குள் ஆட்சி கைமாறிக்கொண்டே இருந்தது. மதுரையில் தொடங்கிச் சிதம்பரத்தில் முடியும். மறுபடி மதுரைக்கே திரும்பும்.

இந்தக் காட்சிகள் கிராமங்களுக்குச் சென்ற வழி டூரிங் டாக்கீஸ். நகரத்தில் நிலையான கொட்டகைகள் இருந்தன. மதுரை ராயல் டாக்கீஸ் தயாரித்த 'சிந்தாமணி' (1937) ஈட்டிய பணத்தில் அதே பெயரில் ஒரு திரையரங்கமே எழுந்தது. சுற்றுவட்டாரத்தில் கூடாரக் கொட்டகைதான். ஒரே புரொஜக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. நடுவில் ஒரு தடுப்பு. ஒருபுறம் ஆண்கள், மறுபுறம் பெண்கள், எல்லோரும் மணலில். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தாலும் பிரிந்தே உட்காரவேண்டும். திரையில் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் மடக்கும்போது தடுப்பின் எந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வருகிறது என்பது மறுபக்கத்துக்குக் கேட்கும். இந்த நகைச்சுவையின் முழு விசையும் அந்த அமைப்பில்தான் வெளிப்பட்டிருக்கவேண்டும். வீட்டில் தனியாகக் கைபேசியில் அதே காட்சியைப் பார்ப்பவருக்கு அது ஏன் இவ்வளவு சிரிக்கவைத்தது என்று தோன்றினால் வியப்பில்லை.

சிறைக்காலம்

1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை செய்யப்பட்டார். அவ்வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்றனர். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். இணையின் வரலாற்றில் இது வழக்கமாகக் கிருஷ்ணனின் துயரமாக மட்டும் சொல்லப்படுகிறது. அந்த ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் குழுவைக் கலையாமல் காத்தவர் மதுரம். எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகம் நடத்தினார். வழக்குச் செலவைத் தாங்கினார். அந்த மேடையில் வெற்றி பெற்ற 'பைத்தியக்காரன்' படமாக எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது கிருஷ்ணன் விடுதலையாகி வந்தார். அவருக்காக ஒரு பாத்திரம் சேர்க்கப்பட்டது. அவருக்கு ஜோடி வேண்டுமே என்பதற்காக, ஏற்கெனவே ஒரு வேடத்தில் நடித்துக்கொண்டிருந்த மதுரம் இரண்டாவது வேடமும் ஏற்றார். கிருஷ்ணன் – பஞ்சு இயக்கிய அப்படம் 1947-இல் வெளியானது. ஒரு இணையை மீண்டும் இணைக்க ஒருத்தி இரண்டாக வேண்டியிருந்தது. ஜெமினியின் 'சந்திரலேகா'வுக்குள்ளும் (1948) இந்த இணை இப்படித்தான் விடுதலைக்குப் பிறகு நுழைக்கப்பட்டது.

திரைக்கு வெளியே இதை இலட்சியத் தம்பதியின் கதையாக எழுதுவதும் சரியாகாது. மதுரத்தை மணப்பதற்கு முன்பே கிருஷ்ணனுக்கு நாகம்மாளுடன் திருமணமாகியிருந்தது. பின்னாளில் மதுரத்தின் தங்கை வேம்புவையும் மணந்தார். திரையில் சரிக்குச் சரி நின்ற பெண்ணுக்கு வீட்டில் கிடைத்த இடம் என்ன என்பதைப் படங்களை வைத்து ஊகிக்கமுடியாது.

விடுதலைக்குப் பிந்தைய படங்களில் இணையின் சமநிலை குலைந்தது என்பதையும் சொல்லவேண்டும். அண்ணாதுரை எழுதிய 'நல்லதம்பி'யில் (1949) கிருஷ்ணனே நாயகர். அதன் புகழ்பெற்ற பகுதி நந்தனார் கதையைத் தழுவிய 'கிந்தனார்' காலட்சேபம். தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் கோயிலுக்குப் பதில் பள்ளிக்கூடத்தை நாடுவதாகக் கதையைத் திருப்பிப்போட்ட துணிச்சல் பெரிது. ஆனால் காலட்சேபம் என்பது ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் வடிவம். பின்பாட்டு உண்டு, எதிர்ப்பாட்டு இல்லை. இங்கிருந்து 'மணமகள்' (1951), 'பணம்' (1952) ஆகிய படங்களை இயக்கும் வரை கிருஷ்ணன் மேலும் மேலும் சொற்பொழிவாளராகிறார். கருத்து வலுக்கிறது, சிரிப்பு மெலிகிறது. குறுக்கே புகுந்து கேள்வி கேட்பவர் ஓரத்துக்குப் போய்விட்டார்.

காளி ரத்னமும் ராஜகாந்தமும்

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ஆசிரியராக இருந்து எம்.ஜி.ஆர். போன்றோருக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர் காளி என். ரத்னம். 'கோவலன்' நாடகத்தில் காளி வேடமிட்டு மிரட்டியதால் அந்த அடைமொழி. மேடையில் தெய்வமாக நின்று ஊரை நடுங்கவைத்தவர் திரையில் சமையற்கட்டு வேலைக்காரனாக வந்து சிரிக்கவைத்தார். அவருக்கு இணையாக வந்த சி.டி. ராஜகாந்தம் கோவையைச் சேர்ந்தவர். பாடகர் திருச்சி லோகநாதனின் மாமியார்.

பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஏ.வி. மெய்யப்பன் படமாக்கிய 'சபாபதி' (1941) இந்த இணைக்குச் சாட்சி. டி.ஆர். ராமச்சந்திரன் எஜமான் சபாபதி, ரத்னம் வேலைக்காரன் சபாபதி. எஜமான் சொன்னதைச் சொன்ன சொல்லுக்கே பொருள்கொண்டு செய்து காரியத்தைக் கெடுப்பது வேலைக்காரனின் கலை. எஜமானும் அறிவில் பெரிதாக உயர்ந்தவர் இல்லை என்பது படத்தின் மெல்லிய குத்தல். இந்த வேலைக்காரன் ராஜகாந்தத்தின் குண்டுமுத்துவைக் காதலிக்கும் காட்சிகளில் அவனுடைய மூடத்தனத்துக்கு ஒரு எல்லை போடப்படுகிறது. குண்டுமுத்துவை ஏமாற்றமுடியாது, அவள் ஏமாறவும் மாட்டாள். கிருஷ்ணன் – மதுரம் இணையில் இருந்த கருத்து இவர்களிடம் இல்லை, சீர்திருத்தம் இல்லை. இருப்பது உடம்பு, பசி, கோபம், அசட்டுக் காதல். மட்டமான நகைச்சுவை என்று அன்றைய விமர்சகர்கள் முகம் சுளித்திருக்கக்கூடும். ஆனால் திருவிழா மேடையின் வாசனை இவர்களிடம்தான் மிகுதி.

பெண் விலகிய இடம்

இரு ஆண்கள் சேர்ந்த இணை அப்போது தமிழில் இல்லாமல் இல்லை. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சகுந்தலை'யில் (1940) கிருஷ்ணனும் டி.எஸ். துரைராஜும் மீனவர்களாக வந்து போட்ட சண்டை நீண்டநாள் பேசப்பட்டது. அது விதிவிலக்கு. விதியாக இருந்த ஆண் – பெண் வாதம் கே.ஏ. தங்கவேலுவிடம் மறுபடி உச்சம் தொட்டது. ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு' (1959) படத்தில் மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை பார்ப்பதாகக் கணவன் கட்டும் பொய்க் கோபுரம், மனைவி சரோஜாவின் முன் ஒவ்வொரு செங்கல்லாகச் சரிகிறது. படத்தின் நூறாவது நாள் விழா மதுரையில் நடந்த சமயம், இருவரும் திருப்பரங்குன்றத்தில் நிஜமாகவே மணம்செய்துகொண்டனர். 'அறிவாளி'யில் (1963) டி.பி. முத்துலட்சுமிக்குத் தங்கவேலு பூரி சுடக் கற்றுத்தரும் காட்சியில், அவர் சொல்லும் ஒவ்வொரு படிக்கும் 'அதுதான் தெரியுமே' என்ற பொருளில் பதில் வருகிறது. கேலி செய்யப்படுவது தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் மனைவியா, கற்றுத்தந்தே தீருவேன் என்று நிற்கும் கணவனா என்று பிரித்துச் சொல்வது கடினம். பொறுமை இழந்து உடைவது கணவன்தான்.

1980-களில் கவுண்டமணி – செந்தில் வந்தபோது அமைப்பு மாறிவிட்டது. மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடிய 'கரகாட்டக்காரன்' (1989) படத்தின் வாழைப்பழக் காட்சி தமிழர் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு பழம் வாங்கச் சொல்லிப் பணம் கொடுத்தவனிடம் ஒன்றை மட்டும் நீட்டி, இன்னொன்று எங்கே என்று கேட்டால் அதுதான் இது என்று சாதிக்கும் செந்திலின் தர்க்கம், வேலைக்காரன் சபாபதியின் தர்க்கமே. எஜமான் – ஆள் என்ற அடுக்கு 1941-லிருந்து அப்படியே வந்திருக்கிறது. வராமல் போனது குண்டுமுத்து. இப்போது வாதத்தில் தோற்பவன் உதை வாங்குகிறான். ஸ்பெஷல் நாடகத்தில் கணவன் – மனைவி அடிபிடிக் காட்சி ஒன்று உண்டு. அந்த அடி இரு ஆண்களுக்கு இடையே நகர்ந்துவிட்டது. கோவை சரளா போன்ற ஆற்றல்மிக்க நடிகை இருந்தும், அவர் இணையின் பாதியாக அல்லாமல் மூன்றாமவராகவே பலமுறை வைக்கப்பட்டார். மதுரை மண்ணிலிருந்தே வந்த வடிவேலுவோடு அவர் சேர்ந்த படங்களில் பழைய வீட்டுச்சண்டை சற்றே திரும்பியது. ஆனால் மனைவி கணவனை அடிப்பது என்ற ஒற்றை வேடிக்கையிலேயே அது பெரிதும் நின்றுவிட்டது. மதுரம் கையை ஓங்கியதைவிட வாயைத் திறந்ததே அதிகம்.

நினைவில் நிற்பது

பம்மல் சம்பந்த முதலியார் அளித்த 'கலைவாணர்' பட்டம் இன்று சென்னையில் ஓர் அரங்கத்தின் பெயர். தியாகராய நகரில் கிருஷ்ணனுக்குச் சிலை உண்டு. 1969 ஜனவரியில் அதைத் திறந்துவைத்ததே முதல்வர் அண்ணாதுரை கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி. கிருஷ்ணன் தாமே ஒழுகினசேரியில் கட்டிய வீட்டுக்கு வைத்த பெயர் 'மதுர பவனம்'. இணையில் மற்றவர் யார் என்பதை அவர் மறக்கவில்லை; மறந்தது பிறகு வந்த எழுத்து. 1930-களின் பல படங்களுக்கு இன்று பிரதியே இல்லாத நிலையில், இந்த இணையின் தொடக்க ஆண்டுகள் செவிவழிச் செய்தியாகவே எஞ்சியுள்ளன. செவிவழிச் செய்தியில் நகைச்சுவைத் துணுக்கு தங்கும், அதைக் கேட்டுப் புருவம் உயர்த்திய முகம் தங்காது. இசைத்தட்டுகள் இதற்கு ஓரளவு மாற்று. திருமண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் அவை சுழன்றபோது, பாதிக் குரலை நீக்கிவிட்டுக் கேட்க யாராலும் முடியவில்லை.

இந்த இணையை மாணவர்கள் இன்று எளிதாகப் பார்க்கக்கூடிய படங்களில் ஒன்று 'மதுரை வீரன்' (1956). டி. யோகானந்த் இயக்கம், கண்ணதாசன் வசனம், எம்.ஜி.ஆர். நாயகன். மாலை சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடப்பட்ட அரச குழந்தையை எடுத்து வளர்க்கும் செருப்புத் தைக்கும் தம்பதியாகக் கிருஷ்ணனும் மதுரமும் வருகிறார்கள். மதுரை மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தருகே காவல் தெய்வமாக நிற்கும் வீரனை அருந்ததியர் குலத்தவன் என்றே சொல்லும் நாட்டார் வழக்குகள் உண்டு. படம் அவனை அரண்மனையில் பிறக்கவைத்து அந்தக் கூர்மையை மழுக்கிவிடுகிறது. மழுங்காமல் எஞ்சிய பகுதி இவர்களின் குடிசை. அங்கே தோல் வேலை நடக்கிறது, கேலி நடக்கிறது, பிள்ளையைப் பற்றிய பெருமையும் பயமும் மாறிமாறி வருகின்றன. நகைச்சுவைப் பகுதி என்று தனியே வெட்டி எடுத்து ஒட்டமுடியாதபடி இணை இங்கே கதைக்குள் வந்துவிட்டது. நாயகனுக்குத் தாய் தகப்பன் இவர்கள்தான் என்று பார்வையாளர் ஏற்றுக்கொள்கிறார்; அரண்மனையில் பெற்றவர்கள் நினைவில் நிற்பதில்லை. கிருஷ்ணனின் பேச்சு வழக்கம்போல ஓடுகிறது. வளர்த்த மகனுக்கு ஆபத்து என்ற இடங்களில் மதுரம் வாதத்தை நிறுத்திவிட்டுச் சும்மா பார்க்கிறார். இருபது ஆண்டுகளாகப் பதில் சொல்லிப் பழகிய முகம் பதில் சொல்லாமல் நிற்பதைக் காண்பதற்காகவே அக்காட்சிகளைத் திரும்பப் பார்க்கலாம்.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று கிருஷ்ணன் மறைந்தார். அதன்பின் மதுரம் திரையில் அரிதாகவே தோன்றினார். 1974 மே மாதம் காலமானார்.